அரைப்பது நாலு பேர், பங்கு பன்னிரண்டு பேருக்கா?

மகளிர் குழுக்களுக்கும் சின்னத் தொழிற்கூடங்களுக்கும் பயிற்சி கொடுக்கப் போகும்போது சீட்டில் எழுதித் தரும் கேள்விகளில் சில இவை, என் பதில்களோடு. ஊர், பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன்.

எங்கள் குழுவில் 12 பேர். வங்கிக் கடன் வாங்கி மசாலாப் பொடி அரைக்கிறோம். மிளகாய்க் காம்பு கிள்ளுவதிலிருந்து பாக்கெட் ஒட்டுவது வரை நாங்கள் நாலு பேர்தான். மற்றவர்கள் லாபம் பிரிக்கும் நாளில் மட்டும் தவறாமல் வருகிறார்கள். கேட்டால், "குழு என்றால் எல்லாருக்கும் சமம்தானே" என்கிறார்கள்.

தேர் வடம் பிடிக்கிறவர்கள் எல்லாரும் இழுக்கிறார்களா என்ன? பாதிப் பேர் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கூடவே நடப்பார்கள். ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்தே பார்த்தார். 1913-இல் வெளியான அந்தக் கணக்குப்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்குக் கிடைத்த பலம், தனியாக இழுத்தபோது இருந்ததில் ஏறக்குறைய பாதிதான். ஆகவே உங்கள் தோழிகளை உடனே சோம்பேறிகள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கூலியையும் பங்கையும் ஒரே பணமாகப் பார்க்கிறீர்கள். கடனுக்கு 12 பேரும் பொறுப்பு, அதனால் பங்கு எல்லாருக்கும் உண்டு. உழைப்புக்குக் கூலி, உழைத்தவருக்கு மட்டும்.

ஒரு மாதம் செலவும் தவணையும் போக 18,000 ரூபாய் மிஞ்சியது என்று வையுங்கள். இப்போது ஆளுக்கு 1,500. நாலு பேரும் பத்து நாள் வேலை செய்திருந்தால் மொத்தம் 40 ஆள் நாள். நாளுக்கு 300 என்றால் கூலி 12,000. மீதி 6,000-ஐப் பன்னிரண்டாகப் பிரித்தால் 500. வேலை செய்தவருக்கு 3,500, செய்யாதவருக்கு 500. இதைக் கூட்டத்தில் பேசி, நாள் கூலி எவ்வளவு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். அரைவை அறைக் கதவில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். வருகிறவர் தன் பெயரைத் தானே எழுதட்டும்.

அப்புறம், வராதவர்களிடம் ஏன் வரவில்லை என்று கேட்டீர்களா? ஒரு குழுவில் இப்படிக் கேட்டபோது, ஓர் அம்மாவுக்கு மிளகாய் நெடி பட்டாலே இழுப்பு வரும் என்பது ஐந்து மாதம் கழித்துத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. இப்போது சந்தைக்குச் சரக்குக் கொண்டுபோவது அவர்தான்.

ஒன்பது வருடமாக ஒரே அக்காதான் ஊக்குநர், அதாவது குழுவை நடத்துபவர். கணக்குக் கேட்டால், "என்னைச் சந்தேகப்படுகிறாயா?" என்கிறார். நல்லவர்தான், ஆனால்...

அந்த "ஆனால்" போதும். 1989-இல் தர்மபுரியில் இந்தக் குழுக்கள் தொடங்கிய காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் கிடைப்பதே பெரிது. அந்த ஒருவரிடமே எல்லாம் போய்ச் சேர்ந்தது. பழக்கம் அப்படியே நின்றுவிட்டது.

கணக்கை நீங்கள் கேட்கிற ஒன்றாக வைக்காதீர்கள். கூட்டத்தின் முதல் வேலையாக ரொக்கப் புத்தகத்தை உரக்க வாசிப்பது என்று ஆக்கிவிடுங்கள், அதுவும் ஒவ்வொரு கூட்டத்திலும் வேறு ஒருவர் வாசிக்கும்படி. யாரும் யாரையும் சந்தேகப்பட்டதாக ஆகாது. அடுத்து, வங்கிக்குப் போகும்போது அக்காவோடு இன்னொருவர் கூடப் போகட்டும். எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் ஊக்குநர் தன் மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போனார். புத்தகங்கள் அவர் பீரோவில், சாவி அவர் இடுப்பில். இரண்டு மாதம் யாருக்கும் குழுப் பணத்திலிருந்து உள்கடன் கொடுக்க முடியவில்லை. திரும்பி வந்தவர் தானாகவே, "இன்னொருத்தியும் கத்துக்கோங்கடி" என்றார். உங்கள் அக்காவும் ஒருவேளை இந்தச் சுமையை இறக்கிவைக்க வழி தெரியாமல்தான் கோபப்படுகிறாரோ என்னவோ.

தையல் யூனிட்டில் பத்துப் பேர். வாட்ஸ்ஆப் குழுவில் தினமும் சண்டை.

பத்துப் பேருக்குள் இருவர் இருவராக 45 உறவுகள் இருக்கின்றன. ஐந்து பேராக இருந்தால் பத்துதான். அந்த 45-ஐயும் ஒரே குழுவில் கொட்டினால் வேறென்ன நடக்கும்? அதில் நேரம், அளவு, ஆர்டர் மட்டும் போடுங்கள். குறை சொல்ல வேண்டியதை நேரில் சொல்லுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் வாய்ஸ் மெசேஜ் வேண்டவே வேண்டாம்.

நான் மேற்பார்வை பார்க்கும் இடத்தில் நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். மூன்று வாரமாகப் பேச்சு இல்லை. கத்தரிக்கோலைக் கூட மூன்றாவது ஆளிடம் கொடுத்துத்தான் வாங்குகிறார்கள்.

வீட்டுச் சண்டையை நீங்கள் தீர்க்கப் போகாதீர்கள், அது உங்களால் ஆகாது. அவர்கள் இருவரும் பேசாததால் வேலையில் எது தடைப்படுகிறதோ அதை மட்டும் எடுங்கள். முதலில் தனித்தனியாகப் பேசுங்கள். "அவள் எப்படிப்பட்டவள் தெரியுமா" என்று ஆரம்பிப்பார்கள். "சரி, போன வியாழக்கிழமை என்ன நடந்தது?" என்று நாளைக் குறித்துக் கேளுங்கள். குணத்தைப் பற்றிய பேச்சுக்கு முடிவே கிடையாது, வியாழக்கிழமைக்கு உண்டு. பிறகு இருவரையும் எதிரெதிரே உட்காரவைக்காமல் ஒரே பக்கம் உட்காரவைத்து, முடிக்க வேண்டிய துணியை நடுவில் வைத்துப் பேசுங்கள். நான் ஒரு தடவை அப்படிச் செய்தபோது கால் மணி நேரம் மௌனம். அப்புறம் சின்னவள், "காஜா எடுக்கிறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க" என்றாள். பெரியவள் என்னைப் பார்த்தே, "சொல்றேன்னு சொல்லுங்க" என்றாள். அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

எட்டுப் பேர் வேலை செய்யும் இடம். முதலாளி ஆபாசமாகப் பேசுகிறார், தோளில் கை வைக்கிறார். சமாதானமாகப் பேசிப் பார்க்கலாமா?

வேண்டாம். இது சச்சரவு இல்லை, குற்றம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் வந்தது. பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கும், புகார் முதலாளி மேலேயே இருக்கும்போதும், மாவட்ட அளவில் விசாரிக்க உள்ளூர்க் குழு இருக்கிறது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். 181 மகளிர் உதவி எண்ணிலும் கேட்கலாம். சமரசம் வேண்டும் என்று பாதிக்கப்பட்டவர் கேட்டால்தான் உண்டு, அதையும் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது. புகாரை எழுத்தில், கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தேதியையும் கூட இருந்தவர் பெயரையும் இன்றைக்கே ஒரு தாளில் எழுதி, வேலை செய்யும் இடத்தில் வைக்காமல் வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.