மைலோ டின்னில் கிடக்கும் எட்வர்டு காசை எவ்வளவுக்குத் தொடங்குவது?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் காலமான என் அப்பா பினாங்குத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். மைலோ டின்னில் அவர் சேர்த்து வைத்த பழைய காசுகளை இணைய ஏலத்தில் விற்க நினைக்கிறேன். எட்வர்டு மன்னர் தலை போட்ட டாலர் காசு 4, சதுரக் காசு அறுபது போல, ஜப்பான்காரர் காலத்து வாழைமர நோட்டு ஒரு கட்டு இருக்கின்றன. "மறைவாக ஒரு குறைந்தபட்ச விலை போட்டுவிடு, அதற்குக் கீழே போகாது" என்கிறாள் தோழி. தம்பியோ 1 வெள்ளியில் (ரிங்கிட்டில்) தொடங்கச் சொல்கிறான். விலை ஏறாவிட்டால் வேறு பெயரில் அவனே கேட்டு ஏற்றிவிடுவானாம். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: வணக்கம் சகோதரி. தம்பி வேறு பெயரில் கேட்கும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். விற்பவரின் வீட்டு ஆட்கள் கேட்டு விலை ஏற்றுவதை ஈபே ஏலத் தளம் வெளிப்படையாகவே தடை செய்திருக்கிறது. பிடிபட்டால் கணக்கை முடக்குவார்கள். பிடிபடாமல் தம்பியே ஏலத்தை எடுத்துவிட்டாலும் காசு பழையபடி மைலோ டின்னுக்குத்தான் திரும்பும்.

அடுத்தது தோழி சொல்லும் ரிசர்வ் விலை. ஈபேயில் அந்தத் தொகை கேட்பவர் கண்ணில் படாது, "ரிசர்வ் இன்னும் எட்டவில்லை" என்று மட்டும் காட்டும். பொருள் விற்காவிட்டாலும் ரிசர்வுக்கான கட்டணம் போனது போனதுதான். ஆட்களும் நழுவிவிடுவார்கள். 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே மாதிரியான போக்கிமான் அட்டைகளை 50 ஜோடியாக ஈபேயில் ஏலம் விட்டுப் பார்த்தார்கள். ஜோடியில் ஒன்றுக்குக் குறைந்தபட்ச விலை வெளிப்படையாக, மற்றதற்கு அதே விலை மறைவாக. மறைத்து வைத்தவற்றுக்குக் கேட்க வந்தவர்களும் குறைவு, விற்றதும் குறைவு, கிடைத்த விலையும் குறைவு.

தம்பியின் 1 வெள்ளி யோசனை சில பொருளுக்குச் சரிவரும், ஆனால் அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஈபேயில் ஒருவர் தன் உச்ச விலையைப் போட்டு வைத்தால், போட்டியாளரை விட ஒரு படி மேலே மட்டும்தான் தளம் அவருக்காக ஏற்றும். அதனால் உங்கள் கைக்கு வருவது, அதிகம் ஆசைப்பட்டவருக்கு அடுத்த ஆள் எவ்வளவு வரை வந்தாரோ அதை ஒட்டிய தொகை. அடுத்த ஆளே இல்லாவிட்டால் தொடங்கிய விலைக்கே போய்விடும்.

நானே பட்டிருக்கிறேன். பாட்டியின் பித்தளை வெற்றிலைப் பெட்டியை உள்ளூர்க் குழு ஒன்றில் 10 வெள்ளிக்கு ஏலம் போட்டேன். முடியும் நேரத்தைக் கவனிக்கவில்லை, தைப்பூச இரவாகப் போயிற்று. கேட்கக்கூடியவர்களில் பாதிப் பேர் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் இருந்திருப்பார்கள். ஒரே ஒருவர் கேட்டார். 10 வெள்ளிக்கே கொடுத்தேன். இப்போது கூட அம்மாவிடம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

சரி, உங்கள் எட்வர்டு காசுக்கு வருவோம். முதலில் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 1903, 1904-ல் அடித்தவை ஏறத்தாழ 27 கிராம், 1907 முதல் 1909 வரை அடித்தவை 20 கிராம் சொச்சம். இரண்டுமே 90 விழுக்காடு வெள்ளி. (நம் ஊரில் ரிங்கிட்டும் வெள்ளி, உலோகமும் வெள்ளி. இந்தப் பதிலில் குழம்பினால் மன்னிக்கவும்.) எடை நன்றாகக் குறைந்தால் போலியாக இருக்கலாம். சின்னக் காசிலேயே 18 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. அதன் அன்றைய விலைக்குக் கீழே யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அப்புறம் இரண்டு மூன்று காசு வியாபாரிகளிடம் காட்டி, கையில் எவ்வளவு தருவார்கள் என்று கேளுங்கள். ஒரு பேச்சுக்கு 180 வெள்ளி என்று வைப்போம். ஏலத் தளம் 13 விழுக்காடு எடுக்கிறது, பேக்கிங்கும் தபாலும் உங்கள் செலவில் 12 வெள்ளி என்றால், 180-ஐயும் 12-ஐயும் கூட்டி 0.87-ஆல் வகுங்கள். 221 வருகிறது. அதுதான் நீங்கள் வெளிப்படையாகப் போட வேண்டிய தொடக்க விலை. ஒருவர் மட்டும் வந்தாலும் கடைக்காரர் தருவது கைக்கு வந்துவிடும். அப்பாவின் நினைவுக்கு என்று இதில் ஒரு தொகையைச் சேர்க்காதீர்கள், வாங்குபவர் அதற்குக் கொடுக்கமாட்டார். மனசு கேட்காவிட்டால் ஒரு காசை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கையும் ஒரே நாளில் போடவும் வேண்டாம். ஒன்றை மட்டும் விட்டுப் பாருங்கள். பத்துப் பேர் மோதினால் அடுத்ததைத் துணிந்து குறைவாகத் தொடங்கலாம். யாரும் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து நல்ல படங்களோடு திரும்பப் போடுங்கள்.

சதுரக் காசுகள் பெரும்பாலும் மலிவானவை. தனித்தனியாக அனுப்பினால் தபால் செலவே விலையைத் தின்றுவிடும். பத்துப் பத்தாகக் கட்டி, தம்பி சொன்னபடி 1 வெள்ளியில் தொடங்குங்கள். வாழைமர நோட்டுகளும் அப்படித்தான். ஆனால் வரிசை எண் அச்சிட்ட நோட்டு கண்ணில் பட்டால் தனியே எடுத்து வையுங்கள், அதற்கு விலை அதிகம்.

படம் எடுப்பதற்கு முன் காசுகளைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசுக்குச் சேகரிப்பாளர்கள் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள். கறுப்பு அப்படியே இருக்கட்டும்.