கோகோஸ் கீலிங் கரையில் நடப்பது: கேட்டவர்களுக்குப் பதில்கள்

படகில் கோகோஸ் கீலிங் போய் வந்தேன் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. தெரியாதவர்களுக்கு: இந்தியப் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான 27 பவளத்தீவுகள், ஆள் குடியிருப்பது இரண்டில்தான். கிறிஸ்துமஸ் தீவிலிருந்து எங்களுக்கு நாலரை நாள் ஆனது.

கே: பவளப்பாறை வளையத்தைத் தாண்டிப் படகோடு உள்ளே நுழைவது கஷ்டமா?

சூரியன் உச்சியில், அல்லது முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது நுழையுங்கள். கருநீலம் என்றால் ஆழம், வெளிர்பச்சை என்றால் மணல், பழுப்பாகத் தெரிந்தால் பாறை. எதிர்வெயிலில் இந்த மூன்றும் ஒரே வெள்ளித்தகடுதான். மாலையில் வந்து சேர்ந்தால் ராத்திரியை வெளிக்கடலிலேயே கழியுங்கள். டைரக்‌ஷன் தீவின் உள்பக்க மணலில் நங்கூரம் போட்டு, மஞ்சள் கொடி ஏற்றி, அதிகாரிகள் சரி என்று சொல்லும்வரை கரையில் கால் வைக்காதீர்கள்.

கே: வெறுங்காலோடு நடக்கலாமா?

கூடாது. வெளிப்பக்கக் கரை முழுக்க உடைந்த பவளக்கற்கள், தண்ணீருக்குள் கல்லோடு கல்லாகக் கிடக்கும் விஷ முள் மீனான ஸ்டோன்ஃபிஷ். அடி தடித்த ஷூ போடுங்கள்.

கே: சங்கு பொறுக்கலாமா?

எனக்குப் பிடித்த கேள்வி. முதல் நாள் ஒரு அழகான சங்கை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். அரை நிமிடம் அசைவில்லை, அப்புறம் மெதுவாக இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன. துறவி நண்டு. அதற்குச் சொந்த ஓடு கிடையாது, கரையில் கிடக்கும் காலிச் சங்குதான் வீடு, வளர வளர வீடு மாற்ற வேண்டும். நமக்குக் காலியாகத் தெரிவது நாளைக்கு ஏதோ ஒரு நண்டு குடியேறப் போகிற வீடு. பற்றாக்குறைக்கு, ஒதுங்கிய பிளாஸ்டிக் பாட்டில்கள் வேறு. உள்ளே போன நண்டு வழுக்கி வெளியே வரமுடியாமல் சாகும். செத்ததும் வரும் வாடை மற்ற நண்டுகளுக்கு 'இங்கே ஒரு வீடு காலி' என்ற சேதி, அவையும் வந்து விழும். ஒரே டப்பாவில் 526 நண்டுகள் இருந்ததாக 2019 ஆய்வில் பதிவாகியிருக்கிறது. எடுப்பதானால் பாட்டிலை எடுங்கள். கூம்புச் சங்கை மட்டும் தொடவே தொடாதீர்கள், கொட்டினால் உயிருக்கே ஆபத்து.

கே: செருப்பு அவசியமா?

மேலே பார்க்கவும்.

கே: டார்வின் வந்த தீவு இதுதானா?

ஆமாம், 1836 ஏப்ரலில். எரிமலை மெல்ல அமிழ, அதைச் சுற்றிப் பவளம் மேல்நோக்கி வளர்ந்தால் கடைசியில் வளையம் மட்டும் மிஞ்சும் என்பது அவர் கருத்து. கரையிலிருந்து இரண்டே கிலோமீட்டரில், சுமார் 2,200 மீட்டர் கயிறு விட்டும் அவர் வந்த கப்பலின் தலைவர் ஃபிட்ஸ்ராய்க்குக் கடலடி எட்டவில்லை. வெளிப்பாறை விளிம்பில் நின்று அந்தக் கருநீலத்தைப் பாருங்கள், வயிறு கலங்கும்.

கே: எம்டன் மூழ்கியது அங்கேதானே? கில்லாடியான ஆளை 'எம்டன்' என்கிறோமே, அந்த வார்த்தையே எமனிலிருந்து வந்தது என்கிறார் என் மாமா.

மாமாவிடம் சொல்லுங்கள், எமனிலிருந்து வந்தது எமகாதகன். 'எம்டன்' வந்தது அந்தக் கப்பலிலிருந்தேதான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். நவம்பர் 9 அன்று டைரக்‌ஷன் தீவின் தந்தி நிலையத்தை உடைக்க ஆட்களை இறக்கியது. அதற்குள் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்துவிட்டது. அடிவாங்கிய எம்டன் மூழ்கவில்லை, 24 கி.மீ. வடக்கே வட கீலிங் பாறையில் தானே ஏறி நின்றது.

கே: எமனும் எம்டனும் ஒலியில் ஒன்றுதானே? மாமா விடமாட்டார்.

ஒலி ஒத்துப்போனதால்தான் நம் வாயில் ஒட்டிக்கொண்டது என்று வேண்டுமானால் சொல்லட்டும், அதுவரை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கரையில் விடப்பட்ட ஐம்பது பேர் அங்கே நின்ற 'ஆயிஷா' என்ற பாய்மரக் கப்பலைக் கைப்பற்றிச் சுமத்ராவுக்கே ஓட்டிக்கொண்டு போனார்களே, அது எமன் வேலையா? அசல் எம்டன் வேலை.

கே: வட கீலிங்கில் இறங்கலாமா?

தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் கிடையாது.

கே: ரப்பர் செருப்பு போதுமா?

போதாது! அந்தத் தீவுகளில் ஏற்கெனவே சுமார் 9,77,000 காலணிகள் ஒதுங்கியிருப்பதாகக் கணக்கு. உங்களுடையதும் பவளக்கல்லில் அறுந்து அங்கேயே தங்கிவிடும்.