எலி இல்லாத தீவில் நான்கு இரவுகள்: செஷல்ஸ் தனியார் தீவு விடுதிகள் பற்றிய கேள்வி பதில்

வணக்கம். மொரிஷியஸின் மஹேபூரில் பிறந்தவள் நான். செஷல்ஸின் தனியார் தீவு விடுதிகளில் பதினோரு ஆண்டுகள் இயற்கை வழிகாட்டியாக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். அங்கே தங்கிவர நினைக்கும் அன்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ரோஸ்ஹில் வாசகி: அக்கா, எங்களுக்கு இது 25-ஆவது திருமண ஆண்டு. "நாமே தீவில்தான் இருக்கிறோம், கடலைப் பார்க்க இன்னொரு தீவுக்கு ஏன் பணத்தைக் கொட்ட வேண்டும்?" என்கிறார் என் கணவர். என்ன பதில் சொல்வது?

அவர் கேட்பது நியாயம்தான். கடலுக்காக என்றால் போகவே வேண்டாம், நமக்கு பெல் மார் கடற்கரை போதும். நம் தீவு இழந்துவிட்டதைப் பார்ப்பதற்காகப் போங்கள். மனிதர்களும் அவர்கள் கப்பலோடு வந்த எலி, பன்றி, குரங்குகளும் சேர்ந்து நம் டோடோ பறவையை 17-ஆம் நூற்றாண்டிலேயே முடித்துவிட்டார்கள். நமக்கே உரிய ராட்சத ஆமைகளும் அப்படித்தான் போயின. செஷல்ஸின் சில சிறு தீவுகளில் அந்தப் பழைய உலகத்தின் ஒரு துண்டு இன்னும் மூச்சு விடுகிறது.

ஒன்று சொல்கிறேன். வெள்ளை ஆலா என்ற கடற்பறவை கூடு கட்டாது. வெறும் கிளையில் ஒரே ஒரு முட்டையிடும். ஒரு வில்லாவின் வாசலில் புன்னை மரம் (அங்கே தக்கமாக்கா என்பார்கள்). என் இடுப்பு உயரத்தில் ஒரு கிளை, பட்டையில் சிறு குழி, அந்தக் குழியில் புள்ளி போட்ட முட்டை. தாய்ப்பறவை கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து கரிய கண்ணால் என்னைப் பார்த்தது, நகரவில்லை. அறையைச் சுத்தம் செய்யும் பெண் அந்தக் கிளையில் சிவப்பு நாடா கட்டிவைத்திருந்தார், யாரும் ஈரத்துண்டைப் போட்டுவிடக் கூடாது என்று. குஞ்சு வெளிவரும்வரை ஒரு மாதத்துக்கும் மேல் அந்த நாடா அங்கேயே இருந்தது. உங்கள் கணவரை அந்தக் கிளைக்கு முன்னால் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள், போதும்.

போர்ட் லூயிஸ் வாசகர்: எல்லா விடுதிகளும் "சுற்றுச்சூழலுக்கு இசைவானது" என்றுதான் விளம்பரம் செய்கின்றன. உண்மையானதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சூரிய மின்தகடும் மூங்கில் உறிஞ்சுகுழலும் நல்லவைதான். ஆனால் நான் முதலில் கேட்பது வேறு: "உங்கள் தீவில் எலி உண்டா? எப்போது ஒழித்தீர்கள்? மறுபடி வராமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?" இதற்கு உடனே பதில் வந்தால் அது அக்கறையுள்ள இடம்.

எலிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பீர்கள். தரையிலும் தாழ்ந்த கிளையிலும் முட்டையிடும் பறவைகளுக்கு அதுதான் எமன். செஷல்ஸ் குண்டுக்கரிச்சான் 1960-களில் உலகத்திலேயே ஃப்ரெகேட் தீவில் மட்டும், இருபதுக்கும் குறைவாகவே மிஞ்சியிருந்தது. 1995-இல் அங்கே எலி நுழைந்துவிட்டது. 2000-இல் அந்தப் பறவைகளைப் பிடித்துக் கூண்டில் காப்பாற்றி வைத்துக்கொண்டு, தீவு முழுக்க நஞ்சு தூவி எலியை ஒழித்தார்கள். இன்று அந்தக் கரிச்சான் வேறு சில தீவுகளிலும் பாடுகிறது. நார்த் ஐலண்ட் கைவிடப்பட்ட பழைய தென்னந்தோப்பு. விடுதி வந்தபின் 2005-இல் எலியை ஒழித்து, 2007-இல் அழியும் நிலையில் இருந்த வெள்ளைக்கண்ணிக் குருவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பேர்ட் ஐலண்டில் இந்த வேலை 1996-இலேயே நடந்தது. உங்கள் அறை வாடகையில் ஒரு பங்கு இதற்குத்தான் போகிறது என்றால், மனமாரக் கொடுக்கலாம்.

ஆகவே எலி ஒளிந்து வராதிருக்க விடுதிக்காரர்கள் உங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தாலோ, காலணி அடியில் ஒட்டிய விதையைத் துடைக்கச் சொன்னாலோ கோபப்படாதீர்கள்.

சான்-ஆந்த்ரே, ரீயூனியன்: எப்படிப் போவது? செலவு எவ்வளவு ஆகும்?

மொரிஷியஸிலிருந்து செஷல்ஸின் முக்கியத் தீவான மாஹேவுக்கு விமானத்தில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். விசா வேண்டாம், ஆனால் இணையவழிப் பயண அனுமதி கட்டாயம். அங்கிருந்து சிறுவிமானம், ஹெலிகாப்டர் அல்லது படகு. பேர்ட் ஐலண்டுக்கு அரைமணி நேரம் பறக்க வேண்டும். சிறுவிமானத்தில் எடைக் கட்டுப்பாடு கடுமை. உருளைப் பெட்டி வேண்டாம், துணிப்பை எடுத்துச் செல்லுங்கள். நார்த் ஐலண்டில் ஓர் இரவுக்கு ஆயிரக்கணக்கில் யூரோ, பேர்ட் ஐலண்டில் நூற்றுக்கணக்கில். 2023 முதல் தங்கும் இரவுகளுக்குச் சுற்றுச்சூழல் வரியும் உண்டு.

குவாத்ர் போர்ன் வாசகி: ஜூலையில் போகலாமா, டிசம்பரிலா? பிள்ளைகளுக்குச் சலித்துவிடுமோ?

பறவை பார்க்க ஜூலை. பேர்ட் ஐலண்டில் அப்போது இலட்சக்கணக்கான கறுப்பு முதுகு ஆலாக்கள் தரையில் முட்டையிட்டுக் காத்துக்கிடக்கும். சத்தம் இரவிலும் ஓயாது. தென்கிழக்குக் காற்று பலமாக இருப்பதால் கடல் கொந்தளிக்கும். ஆமை பார்க்க டிசம்பர். நடுவில் மழை வரும், பரவாயில்லை. பெரும்பாலான கடலாமைகள் இரவில்தான் கரையேறும், ஆனால் செஷல்ஸில் அழுங்காமை பட்டப்பகலில் வந்து முட்டையிடும். காலை உணவு மேசையில் உட்கார்ந்தே அது குழி தோண்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

பேர்ட் ஐலண்ட் அறைகளில் தொலைக்காட்சியும் கிடையாது, குளிர்சாதனமும் கிடையாது. முதல் நாள் முணுமுணுப்பார்கள். அடுத்த நாள் எஸ்மரால்டாவைத் தேடிக் கிளம்பிவிடுவார்கள். பெண் பெயர் கொண்ட ஆண் ஆமை அது. எடை 300 கிலோவுக்கு மேல். கழுத்தைத் தடவிக்கொடுத்தால் எழுந்து நின்று நீட்டும்.

ரோஸ்ஹில் வாசகி, மீண்டும்: என் மாமியார் தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர். அந்த நேரத்தில் போனால் சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள், மீன் பொரித்த எண்ணெயைத் தவிர்க்கச் சொல்லி. எல்லாப் பொருளும் வெளியிலிருந்து வர வேண்டிய தீவில் கடைசி நேரத்தில் கேட்டால் சமையல்காரர் திண்டாடிப்போவார். சீமைப்பலா, பருப்பு, பூசணி, தேங்காய் தாராளம். வாழையிலையில் ஏழு கறி எதிர்பார்க்காதீர்கள். வழியில் செஷல்ஸ் தலைநகர் விக்டோரியாவின் நவசக்தி விநாயகர் கோயிலில் அம்மா அர்ச்சனை செய்துகொள்ளலாம். அங்கே தமிழிலேயே பேசலாம்.

டர்பன் அன்பர்: விடுதிகள் செய்யும் தவறு ஏதாவது பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன். ஒரு விடுதியில், பெயர் வேண்டாம், விருந்தினரின் பிறந்தநாளுக்காகக் கடற்கரையோரம் முழுக்க அலங்கார விளக்கு போட்டார்கள். நான் தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. அன்றிரவே ஒரு குழியிலிருந்து ஆமைக்குஞ்சுகள் வெளிவந்தன. கடலின் மேல் தெரியும் வெளிச்சத்தை நோக்கிப் போக வேண்டியவை, விளக்கை நோக்கி ஊர்ந்தன. விடிந்தபோது படிக்கட்டின் அடியில் ஒன்பது குஞ்சுகள் காய்ந்து கிடந்தன, எறும்பு மொய்த்து. உள்ளங்கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. அன்றே விளக்கைக் கழற்றினார்கள். நீங்கள் போகும் இடத்தில் கடலைப் பார்த்து விளக்கு எரிந்தால் அணைக்கச் சொல்லுங்கள். விருந்தினர் சொன்னால் உடனே நடக்கும்.

மஹேபூர் மாணவி: அக்கா, இவ்வளவு செலவு எங்களால் முடியாது. என்ன செய்வது?

உன் வீட்டு வாசலிலேயே இருக்கிறதே அம்மா, இல் ஓ எக்ரெத் என்ற குட்டித் தீவு! 26 ஹெக்டேர், தங்க முடியாது, பகலில் மட்டும் பார்க்கலாம். கருங்காலிக் காடு, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட ராட்சத ஆமை, 1990 வாக்கில் காட்டில் பத்துக்குச் சுருங்கி இன்று நூற்றுக்கணக்கில் பெருகிய இளஞ்சிவப்புப் புறா, எல்லாம் அங்கே உண்டு. 2020-இல் வகாஷியோ கப்பல் எண்ணெய் கொட்டியபோது நம் ஊர்க்காரர்கள் கரும்புச் சோகையைத் துணியில் திணித்துத் தைத்து மிதவை செய்தது இந்தக் கரைக்காகத்தான். பொயின்ட் ஜெரோமில் படகு ஏற வேண்டும். காலையிலேயே போ, வெயில் ஏறிவிட்டால் ஆமைகள் புதருக்குள் நிழல் தேடிப் போய்விடும்.