7 சென்டிமீட்டருக்காக நல்ல காலை உடைக்கலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 27 வயது. உயரம் 162 செ.மீ., எடை 68 கிலோ. பிறையில் லிஃப்ட் இல்லாத அடுக்குமாடியில் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. 12 மணி நேர ஷிஃப்ட், நின்றுகொண்டே செய்ய வேண்டும். பெண் பார்க்கப் போன இரண்டு இடத்தில் உயரத்தைக் காரணம் சொல்லித் தட்டிக்கழித்துவிட்டார்கள். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று இரண்டு தொடை எலும்பிலும் அறுவைச் சிகிச்சை செய்து 7 செ.மீ. உயர்த்தித் தருவதாகச் சொல்கிறது. ஒரு மாதம் அங்கே தங்கிவிட்டு ஊருக்குத் திரும்பிவிடலாமாம். மொத்தம் 1 லட்சத்து 40 ஆயிரம் வெள்ளி. செய்யலாமா? வேலைக்கு எப்போது போகலாம்? ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பேன், அது தொடருமா? வேப் (மின்சிகரெட்) பழக்கம் உண்டு.
– வாசகர், பிறை

பதில்: தம்பி, எலும்பை யாரும் ரப்பர் மாதிரி இழுத்து நீட்டுவதில்லை. நடுவில் வெட்டி 5 முதல் 7 நாள் சும்மா விடுவார்கள். வெட்டிய இடம் ஆறத் தொடங்கியதும் இரு முனைகளையும் நாளைக்கு 1 மில்லிமீட்டர் வீதம் விலக்குவார்கள். அந்த இடைவெளியை உடம்பே புது எலும்பு போட்டு நிரப்பிக்கொண்டு வரும். 1 மில்லிமீட்டரையும் ஒரே தடவையில் விலக்காமல் கால் கால் மில்லிமீட்டராக நான்கு வேளைக்குப் பிரிப்பதுதான் வழக்கம். வேகம் குறைந்தால் எலும்பு முன்கூட்டியே ஒட்டிக்கொள்ளும். மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குள் போய் வெட்ட வேண்டும். வேகம் கூடினால் புது எலும்பு நூலாம்படை போல மெலிந்து, சேராமலே நின்றுவிடும்.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் சோவியத் மருத்துவர் கவ்ரீல் இலிசாரோவ், 1950களில், சைபீரியாவின் குர்கான் நகரில். உடைந்து ஒட்டாமல் போன கால்களுக்காகவும் குட்டையாகிப்போன கால்களுக்காகவும் அவர் உருவாக்கியது இது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற வலேரி புரூமெல், அடுத்த ஆண்டே மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டார். பல அறுவைச் சிகிச்சைகள் பலிக்காமல் கடைசியில் இலிசாரோவிடம்தான் போனார். இன்றும் ஒரு கால் குட்டையாகி நொண்டி நடப்பவருக்கு இது வரப்பிரசாதம்தான். அவர் ஆபத்தை ஏற்பதற்கு அந்த நொண்டலே காரணம். உங்களுக்கோ இரண்டு காலும் நன்றாக இருக்கின்றன.

பழைய முறையில் காலைச் சுற்றி இரும்பு வளையம் மாட்டி, தோலைத் துளைத்து எலும்பு வரை கம்பி செருகுவார்கள். வளையத்தை இணைக்கும் தண்டின் மரையில் நட்டு ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் நகரும். ஸ்பேனரால் நட்டைக் கால் சுற்று திருப்பினால் கால் மில்லிமீட்டர். கம்பி நுழையும் துளைகளில் சீழ் பிடிப்பது அன்றாடத் தொல்லை. உங்களுக்குச் சொல்லியிருப்பது அநேகமாகப் புது முறையாக இருக்கும். எலும்பின் மஜ்ஜைக் குழிக்குள் காந்தம் வைத்த டைட்டானியத் தண்டை இறக்கிவிடுவார்கள். தொடையின் மேல் ஒரு ரிமோட் கருவியை வைத்தால் உள்ளே காந்தம் சுழன்று தண்டு நீளும். வளையம் இல்லை, துளை இல்லை, தழும்பும் சிறியது. விளம்பரத்தில் இவ்வளவுதான் இருக்கும். இந்தத் தண்டு உங்கள் முழு எடையைத் தாங்காது என்பதை அதில் போடமாட்டார்கள். இரண்டு தொடையிலும் ஒரே சமயத்தில் போட்டால் ஊன்றிக்கொள்ள நல்ல கால் ஒன்றும் மிஞ்சாது. சக்கர நாற்காலி, வாக்கர், பிறகு ஊன்றுகோல் என்று மாதக்கணக்கில் போகும். முழு எடையைத் தாங்கட்டும் என்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ‘ஸ்ட்ரைட்’ என்ற தண்டு 2018இல் வந்தது. அரிப்பும், தண்டைச் சுற்றி எலும்பில் மாற்றமும் தெரியவே 2021இல் தயாரிப்பாளரே திரும்பப் பெற்றார். “புதுசு, மறுநாளே நடக்கலாம்” என்று யாராவது சொன்னால் தண்டின் பெயரையும் மாடலையும் எழுதி வாங்குங்கள்.

எலும்பு சொன்ன பேச்சைக் கேட்கும். தசையும் நரம்பும் கேட்காது. தொடை எலும்பு நீளும்போது பின் தசை கயிறு மாதிரி இறுகி, முழங்காலை நீட்டவிடாமல் பிடிக்கும். முன் தசை இறுகினால் முழங்கால் மடங்காது. இடுப்பும் முன்னால் வளைந்துகொள்ளும். பின்பக்கம் துருத்திக்கொண்டு வாத்து போல நடப்பவர்களைப் பார்க்கிறீர்களே, அது இதனால்தான். இதற்குப் பிசியோதெரபியைத் தவிர வேறு மருந்து கிடையாது. தினமும் மணிக்கணக்கில், வலியோடு. குப்புறப் படுத்து இடுப்பை நேராக்க வேண்டும்; குதிகாலுக்கு அடியில் மட்டும் சுருட்டிய துண்டை வைத்து முழங்காலைத் தானாகத் தாழ விட வேண்டும். வீட்டில் நடக்கும் பெரிய தப்பு தலையணைதான். பிள்ளை வலியில் துடிக்கிறானே என்று அம்மா முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பார். சுகமாக இருக்கும், தூக்கமும் வரும். இரண்டு வாரம் அப்படித் தூங்கினால் முழங்கால் அந்த வளைவிலேயே இறுகிவிடும். நிமிர்த்த இன்னொரு அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

நரம்பை ஒவ்வொரு நாளும் நீங்களே சோதிக்க வேண்டும். கட்டை விரலை மேலே தூக்குங்கள், பாதத்தின் மேல்தோலை விரலால் தடவிப் பாருங்கள். மரத்துப்போனாலோ எரிந்தாலோ வேகத்தைக் குறைக்கச் சொல்வார்கள். விரல் தூக்கவே வரவில்லை என்றால் அன்றைக்கே நீட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். நரம்பை விடுவிக்கும் அறுவைச் சிகிச்சை தாமதமானால் பாதம் தொங்கிப்போவது நிரந்தரமாகிவிடலாம். கீழ்க்கால் எலும்பில் செய்தால் இந்த நரம்புக்கு ஆபத்து இன்னும் கூடுதல். குதிகால் தரையைத் தொடாமல் நுனிக்காலில் நிற்கும் நிலையும் வரும். தொடையைத் தேர்ந்தெடுத்த வரையில் அவர்கள் சொன்னது சரிதான்.

அளவு விஷயத்தில்தான் எனக்கு ஒப்பவில்லை. தண்டு 8 செ.மீ. வரை நீளும் என்பதால் உங்கள் தசையும் 8 செ.மீ. நீளும் என்று அர்த்தமில்லை. முதல் 3, 4 செ.மீ. பெரும்பாலோருக்குச் சமாளிக்கக்கூடியதாகவே இருக்கும். 5ஐத் தாண்டியபின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் வலியாலும் இறுக்கத்தாலும் கணக்குத் தீர்க்கும். நீங்கள் கேட்கும் கடைசி 2 செ.மீ. தான் அதிக விலை. சொல்லப்போனால் காலையில் எழுந்ததும் இருக்கும் உயரம் மாலைக்குள் எல்லோருக்குமே 1 செ.மீ. போலக் குறைகிறது, ஷூவுக்குள் வைக்கும் குதிகால் பட்டை 2 செ.மீ. தந்துவிடும்.

இனி அந்த ‘ஒரு மாத’ கணக்கைப் பார்ப்போம். முதல் 7 நாள் காத்திருப்பு, பிறகு 70 நாள் நீட்டல். ஆக நீட்டி முடியவே 77 நாள். ஒரு மாதத்தில் ஊருக்கு அனுப்பினால் சுமார் 23 மில்லிமீட்டரில், தசை இறுகத் தொடங்கும் நேரத்தில், ரிமோட்டைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள் என்று பொருள். வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே எடுத்து வேகத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று யார் முடிவு செய்வார்? வேறொருவர் போட்ட தண்டில் கை வைக்க இங்குள்ள எலும்பு மருத்துவர் தயங்குவார்; அதில் நியாயமும் இருக்கிறது. போதாக்குறைக்கு உங்கள் வீடு மூன்றாம் மாடி. ஒவ்வொரு எக்ஸ்ரேக்கும் உங்களைத் தூக்கி இறக்க இரண்டு ஆள் வேண்டும். குந்தும் கழிப்பறையாக இருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

நீட்டி முடித்தபின் எலும்பு கெட்டியாக வேண்டும். தோராயமாக 1 சென்டிமீட்டருக்கு ஒரு மாதம் என்று மொத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், 7 செ.மீ. என்றால் அறுவைச் சிகிச்சை நாளிலிருந்து 7 மாதம், சிலருக்கு இன்னும் கூடும். நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பின் நான்கு விளிம்பில் குறைந்தது மூன்று கெட்டியாகத் தெரிந்தால்தான் முழு எடை ஊன்ற விடுவோம். அவசரப்பட்டு ஊன்றினால் தண்டு வளையும், சில சமயம் முறியும். 12 மணி நேரம் நின்று செய்யும் வேலைக்கு 9 முதல் 12 மாதம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மலேசியாவின் 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி மருத்துவமனை விடுப்பு ஆண்டுக்கு 60 நாள்தான். அழகுக்காகச் செய்வதைக் காப்புறுதியும் பொதுவாக ஏற்காது; சிக்கல் வந்து இங்கே மறுபடி அறுவைச் சிகிச்சை என்றால் அதுவும் உங்கள் பணம். 1 லட்சத்து 40 ஆயிரத்தோடு சம்பளம் இல்லாத மாதங்களையும் பிசியோதெரபியையும் தண்டை எடுக்கும் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

உயிருக்கு ஆபத்து அரிது. இல்லை என்று சொல்ல முடியாது. மஜ்ஜைக் குழியைக் குடையும்போது கொழுப்பு இரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்கலாம். இரண்டு தொடையையும் ஒரே நாளில் செய்தால் அந்தச் சுமை இரட்டிப்பு. அழுத்தம் வெளியேற எலும்பில் முன்கூட்டியே துளை போடுகிறார்களா, முதல் மூன்று நாள் கவனிக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது இன்னோர் ஆபத்து. அசையாத காலோடு நீண்ட விமானப் பயணம் அதைக் கூட்டும். உறைவைத் தடுக்கும் மருந்தை எத்தனை வாரம் தருவார்கள் என்பதும் முக்கியம்.

வேப்பைப் பற்றிச் சுருக்கமாக: நிகோட்டின் உள்ளே போகும் வரை எலும்பு ஒழுங்காகச் சேராது. சிகரெட் இல்லை, வேப்தானே என்ற சமாதானம் எலும்பிடம் எடுபடாது. அறுவைச் சிகிச்சைக்குக் குறைந்தது 6 வாரம் முன்பே விட்டு, எலும்பு கெட்டியாகும் வரை தொடக்கூடாது. வைட்டமின் டி-யும் மூன்று மாதச் சர்க்கரை அளவும் பாருங்கள். இவ்வளவு வெயிலிலும் நம்மவர்களிடம் வைட்டமின் டி குறைவு சகஜம். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். அந்த வகை மாத்திரை எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தலாம்.

பலன் இல்லாமலில்லை. கிடைக்கும் உயரம் நிரந்தரம். நன்றாகச் சேர்ந்த எலும்பு பழைய எலும்பைப் போலவே உறுதியாகும். மனநிறைவோடு இருப்பவர்களும் உண்டு. தேர்ந்த கைகளில், அளவோடு செய்துகொண்டவர்கள் அவர்களில் அதிகம். ஆனால் கூடுவது கால் மட்டும்தான். உடலும் கையும் அப்படியேதான் இருக்கும். உட்கார்ந்தால் பழைய உயரம். மணவறையில் சம்மணமிட்டு உட்காரும்போது அந்த 7 செ.மீ. யார் கண்ணிலும் படாது, ஆனால் முழங்கால் இறுகிப்போயிருந்தால் சம்மணமிட முடியாதது எல்லார் கண்ணிலும் படும். இரண்டு வீட்டார் வேண்டாம் என்றது வலிக்கத்தான் செய்யும். அவர்களுக்காக மட்டும் இதைச் செய்கிறீர்களா, அல்லது பெண் பார்க்கும் பேச்சு எழுவதற்கு முன்பே உயரம் உங்களை அன்றாடம் வாட்டியதா என்று யோசித்துப் பாருங்கள். கண்ணாடி முன் மணிக்கணக்கு போகிறது, படம் எடுக்கவே கூசுகிறது என்றால் முதலில் ஒரு மனநல நிபுணரிடம் பேசுங்கள். அந்த வேதனை எலும்போடு சேர்ந்து தீராது. 169 ஆனபின் 175 வேண்டும் என்று கேட்கும்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் திட்டத்துக்கு என் பதில், வேண்டாம். எப்படியும் செய்தே தீருவேன் என்றால் 5 செ.மீ.யோடு நிறுத்துங்கள். எலும்பு நீட்டுவதையே தொழிலாகச் செய்யும் எலும்பு நிபுணரிடம், நீட்டி முடியும் வரையாவது அதே ஊரில் தங்குங்கள். மலேசியாவில் செய்வதானால் அவர் பெயர் தேசிய நிபுணத்துவ மருத்துவர் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். இந்தத் துறையில் பேர்பெற்ற டுரோர் பேலி, 1990இல் சிக்கல்களை மூன்றாகப் பிரித்தார்: அறுவைச் சிகிச்சை இல்லாமலே தீர்பவை, அறுவைச் சிகிச்சை செய்தால் தீர்பவை, கடைசிவரை தீராமல் தங்குபவை. அந்த மருத்துவரிடம் மூன்றுக்கும் தனித்தனியாக அவருடைய சொந்தக் கணக்கைக் கேளுங்கள். எழுத்தில் தராமல், வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படத்தையும் தள்ளுபடி விலையையும் அனுப்பினால் முன்பணம் கட்டாதீர்கள்.

காவடிக்கு வருகிறேன். எலும்பு கெட்டியாகி, தசைப் பலம் திரும்ப ஓராண்டு ஆகும். அறுவைச் சிகிச்சை நாளிலிருந்து ஓராண்டு முதல் இரண்டாண்டுக்குள் தண்டை வெளியே எடுப்பார்கள். எடுத்தபின் திருகாணி இருந்த துளைகள் அடையும் வரை, சில வாரங்களுக்குப் பாரம் தூக்கக்கூடாது. அந்த இடத்தில்தான் எலும்பு முறியும். எல்லாம் சரியாக நடந்தாலும் இரண்டு தைப்பூசம் அடிவாரத்தில் நின்று கும்பிட வேண்டிவரும். மூன்றாவதில் 513 படி ஏறிவிடலாம், இறங்கும்போதுதான் தெரியும்: தோளில் காவடியோடு ஒவ்வொரு படியிலும் முழங்காலை மடக்கி உடம்பின் எடையைத் தாங்குவது தொடையின் முன்தசை. 7 செ.மீ. நீட்டிய காலில் கடைசியாகப் பலம் திரும்புவதும், சிலருக்கு முழுசாகத் திரும்பாமலே போவதும் அந்தத் தசைதான்.