அந்த ஆறு பக்கங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானிய ஓவியர் மசாமுனே ஷிரோவின் ‘ஆப்பிள்சீட்’ காமிக்ஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். ஷிஃப்ட் முடிந்து வந்து மூன்று வருடமாக ஒரு காமிக்ஸ் வரைகிறேன். ஆள் உள்ளே ஏறி இயக்கும் ‘மெக்’ எந்திரங்களோடு போருக்குப் போகும் ஒரு படைப்பிரிவின் கதை. இதுவரை 64 பக்கம் ஆகியிருக்கிறது. ஒரு பதிப்பகத்தில் காட்டினேன். சண்டை நன்றாக இருக்கிறது, நடுவில் மெக்கானிக் ஹைட்ராலிக் ஹோஸ் மாற்றும் ஆறு பக்கங்களை எடுத்துவிடுங்கள் என்றார்கள். நண்பர்களோ, டாங்கி இருக்கும்போது இரண்டு கால் எந்திரத்தை எந்த ராணுவம் வாங்கும், இதெல்லாம் சின்னப்பிள்ளை சமாச்சாரம் என்கிறார்கள். பக்கங்களை இணைத்திருக்கிறேன். வெட்டட்டுமா, அல்லது நானே அச்சிடட்டுமா?

ரா., ஓசூர்

அன்புள்ள ரா.,

பக்கங்களை இரண்டு முறை படித்தேன். நீங்களே அச்சிடுங்கள். அந்த ஆறு பக்கங்களில் கை வைக்காதீர்கள்.

முதலில் உங்கள் நண்பர்களின் கேள்வி. அது நியாயமானது, தட்டிக்கழிக்கக் கூடாது. டி-72 டாங்கியின் எடை 41 டன். அவ்வளவையும் இரண்டு சங்கிலிப் பட்டைகள் பரப்பித் தாங்குவதால் ஒரு சதுர சென்டிமீட்டர் தரைமேல் ஒரு கிலோவுக்கும் குறைவான அழுத்தமே விழுகிறது. அதனால்தான் சேற்றிலும் ஓடுகிறது. உயரம் இரண்டேகால் மீட்டருக்குள், ஒரு மண்மேடு போதும் பதுங்க. 1979இல் ஜப்பானியத் தொலைக்காட்சிக்கு வந்து இந்த வகைக்கே முகமாகிவிட்ட ‘கண்டாம்’ எந்திரத்தின் உயரம் 18 மீட்டர். ஆறு மாடிக் கட்டடம் திறந்த வெளியில் நடந்து வந்தால் பீரங்கிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

ஷிரோ இந்தச் சிக்கலை எந்திரத்தைச் சிறிதாக்கித் தீர்த்தார். ஆப்பிள்சீட்டில் வரும் ‘லேண்ட்மேட்’ ஓர் ஆளை விடச் சற்றுப் பெரியது, ஏறி ஓட்டுவதை விட உடுத்திக்கொள்வது என்று சொல்லலாம். அது டாங்கியோடு போட்டிக்குப் போகவில்லை. டாங்கி நுழைய முடியாத தெருவிலும் கட்டடத்துக்குள்ளும் சண்டையிடுகிறது. நம் கதையில் மெக் எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்று சொல்லிவிட்டால் நண்பர்களுக்குப் பதில் கிடைத்துவிடும். நீங்கள் மலைப்பாதையில் நிறுத்தியிருக்கிறீர்கள். சரியான இடம்.

லேண்ட்மேட்டின் கைகளைக் கவனித்துப் பாருங்கள். மொத்தம் நான்கு. நெஞ்சுக்கு முன்னால் இரண்டு சிறிய கைகள், அவற்றுக்குள் இருப்பது வீரரின் சொந்தக் கைகள். தோளிலிருந்து இறங்கும் இரண்டு பெரிய கைகள் அந்தச் சிறியவை செய்வதை அப்படியே திருப்பிச் செய்கின்றன. உள்ளே இருப்பவர் முழங்கையை மடக்கினால் இரும்பு முழங்கையும் மடங்கும். இந்த ஒரே ஏற்பாட்டால், எவ்வளவு பெரிய சண்டைக் காட்சியிலும் உள்ளே இருக்கும் ஆளை நம் கண் தவறவிடுவதில்லை.

இது வெறும் கற்பனையும் இல்லை. 1965இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் அமெரிக்க ராணுவத்துக்காக ‘ஹார்டிமேன்’ என்ற எந்திரக் கவசத்தை உருவாக்க இறங்கியது. ஆளின் அசைவை எந்திரம் பின்பற்றும் அதே முறைதான். அதன் எடை சுமார் 680 கிலோ, தூக்க நினைத்த சுமையும் கிட்டத்தட்ட அதே. முழுதாக இயக்கிப் பார்த்தபோது கட்டுக்கடங்காமல் உதறியது, ஆளை உள்ளே வைத்து அப்படி ஓட்டவே இல்லை. கடைசியில் ஒரு கை மட்டும் ஒழுங்காக வேலை செய்து சுமார் 340 கிலோ தூக்கியது. பல வருட உழைப்புக்குப் பிறகு ஒரு கை! அதைச் சரிசெய்ய முயன்று தோற்றவர்களின் கதையை யாராவது வரைந்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

போன மாதம் எங்கள் தெருவில் ஜேசிபி வைத்துத் தோண்டினார்கள். குடிநீர்க் குழாய்க்கு ஒரு சாண் தள்ளி மண்ணை எடுக்க வேண்டும். ஓட்டிய தம்பிக்கு இருபது வயதுதான் இருக்கும். பக்கெட்டின் பல் குழாயை ஒட்டி மண்ணைச் சுரண்டும்போது அவன் தோளும் அதோடு சேர்ந்து சாய்ந்தது. குழிக்குள் நின்றவர் உள்ளங்கையைக் காட்டியதும் அவன் மூச்சு, லீவர், இரும்புக் கை எல்லாம் ஒன்றாக நின்றன. மெக் கதை என்றால் எனக்கு அதுதான். உங்கள் ஆறு பக்கங்களில் அது இருக்கிறது. கசியும் எண்ணெயை மெக்கானிக் விரலால் தொட்டுச் சூடு பார்க்கிறாரே, அந்தக் கட்டத்துக்குப் பிறகுதான் எந்திரம் விழும்போது எனக்கு வலித்தது.

இனி, நீங்களே அச்சிடுவது. ஷிரோ தைலவண்ண ஓவியம் படித்தவர். 1983இல் ‘பிளாக் மேஜிக்’ கதையை வெளியிட்டது ‘அட்லஸ்’ என்ற தோஜின்ஷியில், அதாவது ரசிகர்களே சேர்ந்து அச்சிட்டுக்கொள்ளும் இதழில். அதைப் பார்த்துத்தான் ஒசாகாவின் சிறு பதிப்பகமான செய்ஷின்ஷா அவரைத் தேடி வந்தது. ஆப்பிள்சீட் பத்திரிகைத் தொடராக வரவில்லை, 1985இல் நேராகப் புத்தகமாகவே வந்தது. மறுவருடம் அறிவியல் புனைவுக்கான செய்யுன் விருது கிடைத்தது. மூன்றாம் தொகுதி 1987இல், நான்காவது 1989இல். வாரப் பத்திரிகையில் வாரத்துக்கு இருபது பக்கம் வரைந்து கொடுப்பவருக்கு ஒரு முழங்கை மூட்டை யோசிக்க ஏது நேரம்? சொந்தமாக அச்சிடுபவருக்கு அந்த நேரம் உண்டு. உங்களுக்கு மூன்று வருடம் கிடைத்திருக்கிறது, அது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

ஷிரோவிடம் எடுத்துக்கொள்ளக் கூடாததும் உண்டு. பிற்பாடு வந்த தொகுதிகளில் அமைப்புகளும் சதிகளும் குவிந்து, யார் யாரைச் சுடுகிறார்கள் என்று பின்பக்கம் புரட்ட வேண்டியிருக்கிறது. பெண் உடலை வரையும்போது அவர் கண் கதையை விட்டு விலகிவிடுகிறது. உங்கள் படைத்தலைவியை வேலை செய்கிறவளாகவே வரைந்திருக்கிறீர்கள், அப்படியே வையுங்கள்.

இன்னொன்று. ஆப்பிள்சீட் போரில் தொடங்கவில்லை, போர் முடிந்தபின் ஆளரவமற்ற ஒரு நகரத்தில் தொடங்குகிறது. டியூனானும், எந்திர உடல் கொண்ட அவள் துணைவன் பிரியாரியோஸும் அங்கே காலம் தள்ளுகிறார்கள். பிறகு ஒலிம்பஸ் நகரம் அவர்களை அழைத்துக்கொள்கிறது. சுத்தமான தெரு, வேளைக்குச் சாப்பாடு. ஆனால் சண்டையைத் தவிர வேறு தொழில் தெரியாத அவர்கள் மறுபடி ஆயுதம் ஏந்தும் வேலைக்கே போகிறார்கள். அந்த இடத்தை ஒவ்வொரு முறையும் கனத்த மனதோடுதான் கடக்கிறேன். உங்கள் படைப்பிரிவு வீடு திரும்பிய பிறகு என்ன ஆகும் என்று நீங்கள் இன்னும் வரையவில்லை. அடுத்த பாகம் அங்கே போகட்டும்.

அச்சுக்கு அனுப்புமுன் ஒரு திருத்தம். 31ஆம் பக்கத்தில் மெக் மண்டியிட்டு எழுகிறது. எடை எந்தக் காலில் இருக்கிறது என்று தெரியவில்லை. இடது பாதத்தின் கீழ் மண் கொஞ்சம் அமுங்கட்டும். அதை வரைந்து எனக்கு அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.