செத்தும் பாடும் நாயகி: ஆப்பரா, பாலே பகடி பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: டெர்ரி பிராட்செட்டின் ‘மாஸ்கரேட்’ நாவலைக் கையில் எடுத்திருக்கிறேன். ஆப்பரா என்னும் இசைநாடகத்தைப் பார்த்ததே இல்லை. நகைச்சுவை பிடிபட என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கஸ்தோன் லெரூ எழுதிய ‘ஆப்பராவின் பேய்’ கதைச்சுருக்கம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 1910-இல் நூலான அந்தக் கதையில் பேய் மயங்குவது அழகும் குரலும் சேர்ந்த ஒரு பெண்ணிடம். 1995-இல் பிராட்செட் செய்தது ஒரே ஒரு வெட்டுதான். அழகைக் கிறிஸ்டீனுக்கும் குரலைப் பருமனான ஆக்னஸுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். முன்னால் நிற்பவள் வாயசைக்க, கோரஸில் நிற்பவள் பாடுகிறாள். ‘லா ட்ராவியாட்டா’ என்ற ஆப்பராவை ‘லா ட்ரிவியாட்டா’ ஆக்குவது போன்ற பெயர்க் கிண்டல்கள் போகிறபோக்கில் வருபவை, தவறவிட்டாலும் நஷ்டமில்லை. நாவலில் வரும் வால்ட்டர் பிளிஞ்ச் என்ற பெயரை மட்டும் கவனியுங்கள். ஒரே நடிகர் இரண்டு வேடம் போடும்போது, இரண்டாவது வேடத்துக்கு நேராக பிரிட்டிஷ் நாடக அரங்குகள் வழக்கமாக அச்சிடும் பொய்ப்பெயர் அது. இதற்குமேல் சொன்னால் கதை உடைந்துவிடும்.

கேள்வி: நான் எழுதும் மாயாஜால நகைச்சுவை நாவலில் ஓர் ஆப்பரா காட்சி. குண்டுப் பாடகி, கொம்பு வைத்த தலைக்கவசம், உடையும் கண்ணாடி எல்லாம் இருந்தும் சிரிப்பு வரவில்லையே?

இவையெல்லாம் ஆப்பரா பக்கமே போகாதவர்கள் சொல்லும் ஆப்பரா ஜோக்குகள். அந்தக் கொம்பேகூட, வாக்னரின் ‘நிபெலுங் மோதிர’ ஆப்பராத் தொடர் 1876-இல் அரங்கேறியபோது கார்ல் எமில் டோப்ளர் வரைந்த உடைகளிலிருந்து பரவியதுதான். அடித்துத் துவைத்த துணி. அதை விடுங்கள்.

மேடையின் விதி ஒன்றை எடுத்து, உங்கள் உலகின் இயற்கை விதியாக்குங்கள். பழைய ஆப்பராவில் கதை நகர்வது பேச்சுபோலப் பாடும் ரெசிடட்டிவில். ஆரியா என்னும் தனிப்பாட்டு தொடங்கினால் காலம் நின்றுவிடும். உங்கள் உலகில் நிஜமாகவே நிற்கட்டும். எய்த அம்பு அந்தரத்தில் தொங்குகிறது, எய்தவன் கொட்டாவி விடுகிறான். 18-ஆம் நூற்றாண்டின் ‘டா கப்போ’ ஆரியாவில் முதல் பகுதி, மாறுபட்ட இரண்டாம் பகுதி, பிறகு முதல் பகுதியே அலங்காரங்களோடு மறுபடியும் வரும். அம்புக்கு எதிரே நிற்பவனுக்கு இந்த வரிசை தெரிந்தால் போதும், மூன்றாம் பகுதியில் பாடகி கமகம் கமகமாக இழுக்க இழுக்க அவன் ஆயுள் நீளும்.

சாவும் இப்படித்தான். ‘ரிகோலெட்டோ’ ஆப்பராவில் (1851) கத்திக்குத்துப் பட்டு, சாக்குக்குள் கிடக்கும் ஜில்டா அப்பாவோடு ஒரு டூயட் பாடிவிட்டே சாகிறாள். மிகைப்படுத்த உங்களுக்கு இடமே இல்லை. அதே நிலையை ஒரு வைத்தியரின் கண்ணால் நிதானமாக எழுதினாலே சிரிப்பு வரும்.

சறுக்கும் இடங்களும் உண்டு. பாட்டு வரிகளைப் பக்கக்கணக்கில் கொடுத்தால் வாசகர் தாண்டிப் போய்விடுவார், காகிதத்தில் இசை கேட்காதே! நான்கு வரி தாராளம். மீதியை, தன் முறைக்காக நூறு தாளக்கட்டுகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும் டிம்பனி முரசுக்காரர் முகத்தில் காட்டுங்கள். பாடகி உண்மையிலேயே நன்றாகப் பாட வேண்டும், கதைக்குள் எவரும் சிரிக்கக் கூடாது. அவர்கள் சிரித்துவிட்டால் வாசகருக்கு வேலை இல்லை.

கேள்வி: பேச்சே இல்லாத பாலேவை எழுத்தில் எப்படிப் பகடி செய்வது?

சைகைகளைப் பிடியுங்கள். செவ்வியல் பாலேயில் தலைக்குமேல் கைகளைச் சுழற்றினால் நடனம், மோதிர விரலைக் காட்டினால் திருமணம், முஷ்டி மடக்கி மணிக்கட்டுகளைக் குறுக்காக வைத்தால் மரணம். இந்த மூன்றையும் தப்பாகப் படிக்கும் தூதுவன் ஒருவன் கிடைத்தால் ஒரு போரே மூளும்.

எண்ணிக்கையும் உதவும். 1895-இன் ‘அன்னப்பறவை ஏரி’யில் பியெரீனா லெஞ்ஞானி ஒற்றைக்காலில் சுழன்ற 32 ஃபுவெத்தேக்களை ரசிகர்கள் இன்றும் எண்ணுகிறார்கள். மந்திரம் 32-இல் முடியுமென்றால் நாயகி 31-இல் தும்ம வேண்டும், வேறு வழியில்லை.

ஒரு திருத்தம்: பாலே ஆடுபவர்கள் விரல்நுனியில் நிற்கப் போடும் பாயின்ட் ஷூவின் முனையில் மரக்கட்டை இருப்பதாகப் பலர் எழுதுகிறார்கள். வழக்கமான ஷூவில் இருப்பது பசை தடவி இறுக்கிய துணி, காகித அடுக்குகள். வியர்வையும் சூடும் பட்டு இளகும், ஒரு முழு நிகழ்ச்சிக்கு ஒரு ஜோடி தாங்காமலும் போகலாம். ஷூவுக்குச் சாபம் கொடுக்கும் சூனியக்காரி இடைவேளைக்குள் வேலையை முடித்தாக வேண்டும்.

கேள்வி: ‘ஆப்பராவின் பேய்’ கதையில் விழும் சரவிளக்கு நிஜமாகவே விழுந்ததா?

விளக்கு விழவில்லை. 1896 மே 20 அன்று பாரிஸின் பலே கார்னியே அரங்கில் விழுந்தது, அதைத் தூக்கி நிறுத்தும் எதிர்எடைகளில் ஒன்று. ஒரு பெண் இறந்தார். லெரூவின் நாவலில்தான் விளக்கே விழுகிறது. பகடிக்கு உதவுவது எதிர்எடைதான். அது கழன்றால் விளக்கு கீழே வரும், கயிற்றின் மறுமுனையை விடாமல் பிடித்திருப்பவர் கூரைக்குப் போவார். வில்லனை அந்த முனையில் நிறுத்துங்கள்.