ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களைக் குழப்பாமல் எழுதுவது எப்படி?

கேள்வி கேட்டவரின் சிரமம் இது: ஒரே ஒலியுள்ள ஆங்கிலச் சொற்களின் பட்டியலை அவர் மனப்பாடம் செய்திருக்கிறார். தனியாகக் கேட்டால் பொருளும் சரியாகச் சொல்கிறார். ஆனால் கடிதமோ மின்னஞ்சலோ எழுதும்போது மட்டும் மாறிவிடுகிறது. எனக்கும் பல வருடம் இதே கதைதான். அதனால் பட்டியல் எதுவும் தராமல், எனக்கு எது உதவியது என்று சொல்கிறேன். தமிழில் எழுதும்போது இந்தச் சொற்கள் எல்லாம் ஒன்றாகவே தெரியும், ஆகவே தேவையான இடத்தில் எழுத்துகளின் பெயரைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடன் சம்பந்தமாக ஒரு கடிதம் தயாரித்தேன். அசல் தொகையைக் குறிக்கும் பிரின்சிபல் ஏ-எல் என்று முடிய வேண்டும். நான் ஐந்து இடத்திலும் எல்-இ என்று முடித்திருந்தேன். அது கொள்கை, கோட்பாடு என்ற பொருள் தரும் வேறு சொல். மேலதிகாரி ஐந்தையும் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இத்தனைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். 'கல்லூரி முதல்வர் உன் நண்பர், அதனால் நண்பன் என்று பொருள்படும் மூன்றெழுத்துச் சொல் அதன் கடைசியில் இருக்கும்' என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கல்லூரி முதல்வரைப் பற்றி எழுதினால் அந்தக் குறிப்பு ஞாபகம் வந்திருக்கும். நான் எழுதியதோ பணத்தைப் பற்றி. பணம் நண்பர் இல்லையே, குறிப்பு வேலை செய்யவில்லை. அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது: இந்த மாதிரி ஞாபகக் குறிப்புகள் ஒரு சொல்லின் ஒரே ஒரு பயன்பாட்டைத்தான் காப்பாற்றும்.

பிறகு அகராதியில் பார்த்தபோது விஷயம் எளிதாக இருந்தது. ஏ-எல் என்று முடிவது 'முதன்மையான' என்று பொருள் தரும் பெயரடை. ஃபைனல், நேஷனல், சென்ட்ரல் எல்லாம் அப்படித்தான் முடிகின்றன. முதன்மையான ஆசிரியர், முதன்மையான தொகை, முதன்மையான காரணம் எல்லாவற்றுக்கும் இது ஒன்றே. எல்-இ என்று முடிவது எப்போதும் பெயர்ச்சொல், பொருளும் எப்போதும் கொள்கைதான். இன்னொரு வசதி, கல்லூரி முதல்வரை நாம் தமிழில் 'பிரின்சிபால்' என்று நீட்டிச் சொல்கிறோம். அந்த ஏ எழுத்து நம் உச்சரிப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 'அரை', 'அறை' இரண்டையும் இன்று நம்மில் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறோம். ஆனாலும் 'வகுப்பரை' என்று எழுதக் கை வராது. ஏன்? வகுப்பறை, கருவறை, படுக்கையறை என்று ஒரு பக்கம், அரையாண்டு, அரைகுறை, அரைக்கால் என்று இன்னொரு பக்கம், இரண்டுக்கும் தனித்தனிக் கூட்டம் மனதில் இருக்கிறது. யாரும் அரையையும் அறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனப்பாடம் செய்யவில்லை. ஆங்கிலச் சொற்களை மட்டும் ஜோடி ஜோடியாகப் படிக்கிறோம். ஜோடியாகப் படித்தால் ஜோடியாகத்தான் நினைவுக்கு வரும், குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. சொல்லை அதன் எதிரியோடு படிக்காமல் உறவினர்களோடு படியுங்கள்.

அதற்கு முன் ஒரு சின்னப் பிரிவினை அவசியம். நாம் ஒரே மாதிரி என்று நினைக்கும் சொற்களில் பல, உண்மையில் ஒரே மாதிரி ஒலிப்பவை அல்ல. நம் காதுக்குத்தான் அப்படிக் கேட்கின்றன. 'தொலைத்துவிடு' என்ற பொருளில் வரும் லூஸ், 'தளர்வான' என்ற பொருளில் வரும் லூஸ் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது இசட் ஒலியில் முடிகிறது, எழுத்தில் ஒரே ஓ. இரண்டாவது ஸ் ஒலியில் முடிகிறது, எழுத்தில் இரட்டை ஓ. இசட் ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லாததால் இரண்டையும் ஸ் என்றே சொல்லி, ஸ் என்றே மனதில் வைத்திருக்கிறோம். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு இரண்டையும் சொல்லிப் பாருங்கள். இசட் வரும்போது தேனீ ரீங்கரிப்பது போல ஓர் அதிர்வு விரலில் தெரியும், ஸ் வரும்போது தெரியாது. விலை என்ற பிரைஸ், பரிசு என்ற பிரைஸ் இரண்டுக்கும் இதே வித்தியாசம்தான்.

பாலைவனத்தைக் குறிக்கும் டெசர்ட்டில் அழுத்தம் முதல் அசையில் விழும். உணவுக்குப் பின் சாப்பிடும் இனிப்பான டெசர்ட்டில் இரண்டாம் அசையில் விழும், அதில் எஸ்ஸும் இரண்டு. வெஸ்ட் என்று நாம் சொல்லும் இரண்டில் மேற்கு டபிள்யூவில் தொடங்கும், அதற்கு உதடு குவியும். கையில்லாத மேல்சட்டை வி எழுத்தில் தொடங்கும், அதற்கு மேல்பல் கீழுதட்டைத் தொடும். நம் 'வ' இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதால்தான் சிக்கல். இந்த வகைச் சொற்களுக்கு எழுத்துப் பயிற்சியே வேண்டாம், காதும் வாயும் பழகினால் போதும். உச்சரிப்பு பிரிந்துவிட்டால் எழுத்தும் தானாகப் பிரியும்.

உண்மையிலேயே ஒரே ஒலி உள்ளவைதான் இரண்டாவது வகை. இவற்றுக்கு ஏன் இத்தனை எழுத்து என்று எனக்கு முன்பெல்லாம் எரிச்சல் வரும். வரலாற்றைத் தெரிந்துகொண்ட பிறகு அது போய்விட்டது. இரவைக் குறிக்கும் நைட்டில் ஜி-எச் சும்மா நிற்கவில்லை. ஒரு காலத்தில் அங்கே நம் ஆய்தம் போன்ற ஓர் ஒலி இருந்தது, ஜெர்மன் மொழியில் அதே சொல் இன்றும் 'நாஃக்ட்' என்பது போலத்தான் ஒலிக்கிறது. குதிரைவீரரைக் குறிக்கும் நைட்டில் முதலில் வரும் கே எழுத்தையும் அன்று 'க்நி' என்று சேர்த்தே உச்சரித்தார்கள். சந்திப்பதற்கான மீட்டும் இறைச்சியான மீட்டும்கூடப் பழைய உச்சரிப்பில் வேறு வேறு. இரண்டிலும் ஏகாரம் போன்ற ஒலிதான், ஆனால் இறைச்சிக்கு வாய் இன்னும் அகலமாகத் திறந்தது. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அதன்பின் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக உறைந்தது, உச்சரிப்பு மாறிக்கொண்டே போனது. நம் ரகர றகரக் கதையேதான்.

சரி, உறவினர்களோடு படிப்பது என்றால் என்ன? எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. இங்கே, அங்கே, எங்கே என்று மூன்றும் நமக்கு ஒரே அச்சில் வார்த்தவை. ஆங்கிலத்திலும் ஹியர், தேர், வேர் மூன்றும் இ-ஆர்-இ என்று முடிகின்றன. ஆகவே 'அங்கே' என்று சொல்ல வேண்டிய இடத்தில் வரும் தேர் எது என்பதில் இனிச் சந்தேகம் வராது. 'அவர்களுடைய' என்ற தேர், தே, தெம் ஆகியவற்றின் குடும்பம். மூன்றும் டி-எச்-இ என்று தொடங்கி, இடப்பொருள் இல்லாமல் ஆளைக் குறிப்பவை. கேட்பதற்கான ஹியரின் உள்ளே காது என்ற ஆங்கிலச் சொல் முழுதாக இருக்கிறது. பழைய குறிப்புதான், ஆனால் அந்தச் சொல்லின் எல்லாப் பயன்பாட்டுக்கும் பொருந்துவதால் நல்ல குறிப்பு.

இதையே இன்னும் நீட்டலாம். எது, எப்போது, எங்கே என்று நம் வினாக்கள் எகரத்தில் தொடங்குவது போல, ஆங்கில வினாக்கள் பெரும்பாலும் டபிள்யூ-எச் என்று தொடங்குகின்றன. 'இதுவா அதுவா' என்ற ஐயத்தைக் காட்டும் வெதரும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, அதனால்தான் அதில் எச் உண்டு. வானிலைக்கான வெதருக்கு வினாவோடு தொடர்பில்லை, அதில் டபிள்யூவுக்குப் பின் இ வந்துவிடுகிறது. எப்போது–அப்போது என்ற ஜோடி ஆங்கிலத்தில் வென்–தென். இரண்டும் இ-என் என்று முடிகின்றன. ஒப்பிடும்போது வரும் 'விட' என்ற சொல்லில் மட்டும் ஏ.

எழுதுபொருளைக் குறிக்கும் ஸ்டேஷனரியும் 'அசையாமல் நிற்கும்' என்ற ஸ்டேஷனரியும் உண்மையில் உடன்பிறப்புகள். அலைந்து விற்காமல் ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்திருந்த வியாபாரியை ஐரோப்பாவில் இடைக்காலத்தில் ஸ்டேஷனர் என்றார்கள். புத்தகமும் காகிதமும் விற்றவர்கள் அவர்கள். பேக்கரிடமிருந்து பேக்கரி வந்த மாதிரி ஸ்டேஷனரிடமிருந்து வந்த சரக்கு ஸ்டேஷனரி, ஆகவே இ-ஆர்-ஒய். இந்தக் கதையைப் படித்த நாளிலிருந்து நான் அதை மாற்றி எழுதியதே இல்லை.

உறவினர் சில நேரம் வேறொரு ஜோடியிலிருந்தும் வருவார். பயிற்சி என்ற பெயர்ச்சொல்லும் பயிற்சி செய் என்ற வினைச்சொல்லும் பிரிட்டிஷ் வழக்கில் வேறு வேறு எழுத்து, ஆனால் ஒரே ஒலி. அறிவுரை, அறிவுரை கூறு என்ற ஜோடியில் ஒலியே வேறு: பெயர்ச்சொல்லில் சி எழுத்தும் ஸ் ஒலியும், வினைச்சொல்லில் எஸ் எழுத்தும் இசட் ஒலியும். அட்வைஸில் எது எங்கே என்று காது சொல்லிவிடும், அதையே பிராக்டிஸுக்கும் பொருத்திக்கொள்ளலாம். அமெரிக்க வழக்கில் பயிற்சிக்கு இரண்டு இடத்திலும் சி தான்.

காம்ப்ளிமென்ட் இரண்டில் நிறைவு செய்வது இ எழுத்துடன் வரும். முழுமையைக் குறிக்கும் கம்ப்ளீட்டிலும் அதே இ இருக்கிறது. பாராட்டு என்றால் ஐ. இலவசமாகத் தரும் நூல்பிரதி பாராட்டின் பக்கம், நிரப்பு நிறங்கள் நிறைவின் பக்கம்.

மேற்கோள் குறி போன்ற அந்த ஒற்றைக் கொக்கி (அபாஸ்ட்ரஃபி) சம்பந்தப்பட்ட தவறுகளுக்குக் குடும்பம்கூட வேண்டாம், ஒரே சோதனை போதும். 'இட் இஸ்' சுருங்கி வரும் இட்ஸ் போன்ற சொற்களில் கொக்கி இருந்தால் அங்கே ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது. விரித்து எழுதிப் பாருங்கள், வாக்கியம் நின்றால் கொக்கி சரி. 'அதனுடைய' என்ற இட்ஸுக்குக் கொக்கி கிடையாது, 'அவனுடைய' என்ற ஹிஸ்ஸுக்கு இல்லாத மாதிரியே. இதில் தடுமாறுபவர்கள் வெட்கப்படத் தேவையில்லை. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் இந்த இட்ஸ் என்ற சொல்லே கிடையாது. அவ்வளவு பிந்தி வழக்குக்கு வந்த சொல் அது. அதற்குப் பிறகும் நெடுநாள் ஆங்கிலேயர்களே அதைக் கொக்கியோடு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அஃபெக்ட், எஃபெக்ட் பற்றியும் பலர் கேட்பார்கள். ஏ எழுத்தில் தொடங்குவது பெரும்பாலும் வினை, இ எழுத்தில் தொடங்குவது பெரும்பாலும் பெயர். முன்னால் 'தி' போட்டுப் படித்துப் பாருங்கள், பொருந்தினால் இ. விதிவிலக்கு உண்டு, ஆனால் அன்றாட எழுத்தில் அபூர்வம்.

பழகும் முறைக்கு வருகிறேன். ஜோடியில் ஒன்றை மட்டும் எடுத்து, அது தானாக வரும்வரை இரண்டாவதைத் தொடாதீர்கள். தனிச் சொல்லாக எழுதிப் பழகாமல் தொடராக எழுதுங்கள், 'அசல் தொகை', 'கொள்கையளவில்' என்பது போல. கை அந்தத் தொடரையே பழகிக்கொள்ளும்.

அப்புறம், பட்டியல் வேண்டுமென்றால் உங்கள் தவறுகளிலிருந்து நீங்களே தயாரியுங்கள். நான் ஒரு வருடம் குறித்துவைத்தேன், மொத்தம் பதினோரு சொற்கள்தான் தேறின. இணையப் பட்டியல்களில் இருந்த நூற்றுக்கணக்கான ஜோடிகளில் மற்றதெல்லாம் எனக்குத் தேவையே இல்லாதவை. அந்தப் பதினொன்றிலும் பாதி, தெரியாமல் செய்தவை அல்ல. வேகமாகத் தட்டச்சு செய்யும்போது விரல் ஒலியைப் பின்தொடர்ந்து போய்விடுகிறது. எழுத்துப்பிழை திருத்தியை நம்பி இருக்கவும் முடியாது. தவறாக வந்த சொல்லும் அகராதியில் உள்ள சொல்தானே, பல நேரம் அது அப்படியே விட்டுவிடும். அதனால் முக்கியமான கடிதம் என்றால், முடித்த பிறகு தேடல் பெட்டியில் அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டு, வரும் இடங்களை மட்டும் பார்க்கிறேன். இரண்டு நிமிடம் ஆகும். பதினொன்றில் இப்போது நான்கு மிச்சம், அதில் இரண்டு கொக்கி சம்பந்தப்பட்டவை.